பிலிப் கூனி செய்தது வெறும் மொழித்திருத்தம் அல்ல

"புஷ் காலத்தில் வெள்ளை மாளிகை காலநிலை அறிக்கைகளை மொழித்திருத்தம் மட்டுமே செய்தது, ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை" என்று சொல்வது தவறான எண்ணத்தைத் தருகிறது. எண்களை மாற்றவே தேவைப்படவில்லை. அங்கேதான் சிக்கலே.

திருத்தியவர் வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் ஆலோசனைக் குழுவில் தலைமை அலுவலராக இருந்த பிலிப் கூனி. வழக்கறிஞர், விஞ்ஞானி அல்ல. அதற்கு முன் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கத்தில் காலநிலை விவகாரத்தைக் கவனித்தவர். 2002, 2003 அறிக்கைகளின் வரைவுகளில் 'நிச்சயமின்மைகள்' என்ற சொல்லுக்கு முன் 'குறிப்பிடத்தக்க, அடிப்படையான' என்று சேர்த்தார். பனியாறுகளும் மலைப்பனியும் குறைவதால் வரும் பாதிப்பைச் சொன்ன பத்தியை அடித்தே விட்டார். ஆய்வாளர் அளவாகச் சொன்ன ஐயம், இப்படி ஓரிரு சொல்லில் 'எதுவும் தெளிவில்லை' என்றாகிவிடும்.

இது ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் நடந்ததும் இல்லை. இதை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் 2007 டிசம்பர் அறிக்கைப்படி, காலநிலை ஆய்வுத் திட்ட ஆவணம் ஒன்றில் மட்டும் கூனியும் சக அதிகாரிகளும் செய்தவை குறைந்தது 294 திருத்தங்கள்: 181 நிச்சயமின்மையைப் பெரிதாக்க, 113 மனிதர்களின் பங்கைச் சிறிதாக்க.

மொழித்திருத்தம் என்றால் பிழைகள் இரு பக்கமும் சரியாகியிருக்க வேண்டும். இவை ஒரே பக்கம் சாய்ந்தவை. 2005 ஜூனில் விஷயம் வெளியானதும் அவர் பதவி விலகி, எக்ஸான்மொபிலில் சேர்ந்தார்.