2070 இலக்கு இன்னும் சட்டமாகவில்லை

'2070 நெட் ஜீரோவை நாடாளுமன்றக் குழு சட்டமாக்கிவிட்டது, தவறினால் பிரிட்டன் மாதிரி கேஸ் போடலாம்' என்று மேலே ஒரு சார் எழுதியிருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை சார். நெட் ஜீரோ என்றால், நாம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களும் உறிஞ்சி அகற்றப்படும் அளவும் சமமாவது. இந்தியாவுக்கு 2070 என்பது 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பிரதமர் அறிவித்தது. 2022இல் திருத்திய எரிசக்தி சேமிப்புச் சட்டம் கார்பன் கிரெடிட் (உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று) வர்த்தகத்துக்கு வழிசெய்தது. நெட் ஜீரோவுக்கு ஆண்டு எதையும் விதிக்கவில்லை.

நாடாளுமன்ற நிலைக்குழு சட்டம் போடாது. 31 எம்.பி.க்கள் அமைச்சக அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், பரிந்துரைப்பார்கள். அந்தப் பரிந்துரைகளுக்கு அரசு என்ன செய்தது என்று அப்புறம் வரும் நடவடிக்கை அறிக்கையைப் புரட்டினால் வேடிக்கையாக இருக்கும். அரசு ஏற்றவை, குழுவே கைவிட்டவை, அரசின் பதில் திருப்தி தராதவை, இறுதிப் பதில் வராதவை என்று நான்கு கூறு போட்டிருப்பார்கள். மூன்றாவது கூறைத்தான் நான் முதலில் படிப்பேன். அதில் எத்தனை இருந்தாலும் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது.

பிரிட்டனில் 2008 காலநிலை மாற்றச் சட்டத்திலேயே இலக்கு உண்டு. 2050க்குள் உமிழ்வைக் குறைக்க வேண்டிய அளவை 2019இல் 80 சதவீதத்திலிருந்து 100 ஆக்கினார்கள். அங்குள்ள 'கிளைமேட் சேஞ்ச் கமிட்டி' எம்.பி.க்கள் குழு அல்ல, சுயேச்சையான நிபுணர் குழு. 'கமிட்டி' என்ற பெயரைப் பார்த்து அந்த சார் குழம்பிவிட்டார் போல.

கோர்ட்டுக்கே போக முடியாது என்று சொல்லவில்லை. 2024இல் கானமயில் என்ற அரிய பறவையின் பாதுகாப்பு பற்றிய வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டிருப்பதும் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்த உரிமை அரசியல் சாசனத்திலிருந்து வந்தது, 2070 இலக்கிலிருந்து அல்ல. நம்ம சென்னை மாநகராட்சியின் 2050 நெட் ஜீரோ இலக்கும் ஒரு செயல்திட்டத்தில்தான் இருக்கிறது, சட்டத்தில் இல்லை.