எங்களுக்கு விழிப்புணர்வு இல்லையாம்

ஞாயிற்றுக்கிழமை குமரிக் கடற்கரையில் எங்கள் ஊரில் காலநிலை மாற்றம் பற்றி நடந்த கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் விட்டீர்கள். அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. மேடையில் ஒருவர் சொன்ன அந்த ஒரு பேச்சு மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. "கடலோர மக்களுக்குக் காலநிலை மாற்றம் பற்றி விழிப்புணர்வு இல்லை. தகவமைத்துக்கொள்ள நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்."

சரி சார், கற்றுக்கொள்கிறோம். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒருநடை வந்திருக்கலாம். கூட்டம் நடந்த இடத்திலிருந்து ஐந்து நிமிடம்தான்.

எங்கள் வீட்டுக்குக் கடலைப் பார்த்து ஒரு வாசல் இருந்தது. இப்போது அங்கே சுவர். ஹாலோபிளாக் வைத்து அடைத்தது அப்பா. அடியில் ஒரு கல் அளவுக்கு ஓட்டை விடச் சொன்னது அம்மா. "வாற தண்ணி போகாண்டாமா மக்கா?" என்றாள். ஆனி பிறந்துவிட்டால் காலி கேஸ் சிலிண்டரை வலைக்கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவாள். ஒருமுறை நடுராத்திரியில் அது மிதந்துபோய் பீரோவில் இடித்த சத்தத்தில்தான் நாங்கள் கண் விழித்தோம். ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் எல்லாம் பழைய பெயின்ட் வாளிக்குள் போய் உத்தரத்தில் தொங்கும். தரையை மூன்று தடவை உயர்த்தியாயிற்று. வாசற்படியில் நான் குனிந்துதான் நுழைகிறேன். இதற்கெல்லாம் உங்கள் பவர்பாயின்டில் என்ன பெயர் சார்?

கள்ளக்கடல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். கடல் மட்டும் திருடனைப் போல ஊருக்குள் ஏறும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயல் கிளப்பிய அலைதான் நாள்கணக்கில் ஓடிவந்து இங்கே ஏறுகிறது என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அந்த விளக்கம் எங்களுக்குத் தெரியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் வைத்தது கேரளக் கரையிலும் இந்தக் கரையிலும் வலை இழுத்தவர்கள். இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தாலும், ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் அதே கள்ளக்கடல்தான். எங்கள் சொல் வேண்டும். எங்களுக்கு மட்டும் விழிப்புணர்வு இல்லை.

"அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா?" என்று யாராவது வருவீர்கள். வேண்டும். வேண்டும் என்றுதானே 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் மறியலுக்கு உட்கார்ந்தோம்? நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயலாக மாறியபோது தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கரையை விட்டுப் போய் நாள்கணக்காகியிருந்தது. இங்கே டிவியில் சொன்னது அங்கே யார் காதில் விழும்? காணாமல் போனவர்களைத் தேடி எங்கள் ஆட்களே கடலுக்குப் போனார்கள். அதன் பிறகு வயர்லெஸ், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு என்று கரைக்குக் கரை ஓர் ஏற்பாடு வந்தது. அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. விடியக்காலை மூன்று மணிக்கு விண்டி செயலியைத் திறந்து காற்றுப் பார்ப்பார். பார்த்துவிட்டு நேரே கரையில் போய்க் கால் நனைய நிற்பார். "இது மேல உள்ள காத்தத்தான் காட்டும் மக்கா. அடியில ஓடுற நீவாட்ட இதுல எங்க பாக்க?" நீவாடு என்றால் கடல் நீரோட்டம்.

2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அன்றைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. எச்சரிக்கை விட்டதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்களைச் சொல்கிறேன்.

"கடலுக்குப் பக்கத்தில் போய் ஏன் வீடு கட்டினீர்கள்?" இது எப்போதும் வரும். தாத்தா கட்டும்போது வீட்டுக்கு முன்னால், கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற அகலத்துக்கு மணல் கிடந்தது அண்ணே. அதற்கு இப்பால் தென்னை. அப்புறம்தான் வீடு. பக்கத்தில் வந்தது நாங்களா?

"தூண்டில் வளைவு கேட்டதும் நீங்கள்தானே, அது பக்கத்து ஊரை அரிக்கவில்லையா?" அரிக்கிறது. கடலுக்குள் நீட்டிப் போடுகிற அந்தக் கல் தடுப்புக்கு ஒரு பக்கம் மணல் சேர்ந்தால் மறுபக்கம் போகிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எழுத எழுதத் தெரிகிறது, எனக்குக் கோபம் அந்த ஆள் மேல்கூட இல்லை, தகவமைப்பு என்ற சொல்லின் மேல்தான். என்னவோ நாங்கள் ஆசைப்பட்டு செய்கிற மாதிரி இருக்கிறது. தரை உயர்த்திய மூன்று தடவையும் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. மூன்றாவது தடவை போனது திரும்பவில்லை. காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி போட்டிருக்கிறாள். இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

வீடியோவில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இரண்டு தடவை கை தூக்கினார். கேள்விகள் கடைசியில் என்றார்கள். கடைசியில் சாயாவும் வடையும் வந்தன, நேரம் முடிந்தது. வீட்டுக்கு வந்து அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, கிழிந்த வலையை எடுத்துப் பொத்த ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொடுத்தார்கள். அம்மா பட்டாவை அதற்குள் மாற்றியிருக்கிறாள். ஒரு பட்டன் சரியாகப் பிடிக்கவில்லையாம், தண்ணீர் உள்ளே போகும் என்று மேலே இன்னொரு கவர் சுற்றி, பழையபடி வாளிக்குள்ளேயே போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறாள்.