தொட்டி அளவோடு நிற்குமா ரெட்டெயில் கெளுத்தி?

"மூன்றடித் தொட்டியில் விட்டால் ரெட்டெயில் கெளுத்தி அதற்கேற்பச் சிறிதாகவே நின்றுவிடும்" என்று ஒரு படத்துடன் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த, சிவந்த வால் கொண்ட இம்மீன் 1 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது என்பதை, எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஃபிஷ்பேஸ் என்னும் இணைய மீன் தரவுத்தளத்தில் சரிபார்க்கலாம். சிறிய தொட்டியில் அதன் வளர்ச்சி குன்றினால் அது இயல்பான தகவமைப்பு அன்று. கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவும் உடலைத் திருப்பவும் இடமில்லாத நெருக்கடியும் உண்டாக்கும் நலிவே ஆகும். படத்தில் இருப்பது இளங்குஞ்சாகவும் இருக்கலாம். அளவுகோல் இல்லாமல், கண்ணாடிக்கு அருகே எடுத்த படம் (நீரும் பொருள்களைச் சற்றுப் பெரிதாகவே காட்டும்) மீனின் நீளத்துக்கோ வயதுக்கோ சான்றாகாது. ஏற்கெனவே வாங்கியவர்கள், வளர்ந்த மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடாமல், பெரிய தொட்டி உள்ளவர்களிடம் ஒப்படைப்பதே முறை. இச்செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.