பிரெஞ்சுப் பணம் வந்தால் பிரெஞ்சுப் படமா?

'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' ஒரு பிரான்ஸ் படம் என்றும், கான் திரைப்பட விழாவில் அதனால் இந்தியாவுக்கு உச்ச விருதான தங்கப்பனை கிடைத்தது என்பது கட்டுக்கதை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. 2024இல் அதற்குக் கிடைத்தது தங்கப்பனை இல்லை, அதற்கு அடுத்த நிலை விருதான கிராண்ட் ப்ரி. ஆனால் 'பிரான்ஸ் படம்' என்பது தவறு. பிரான்ஸ், இந்தியா, நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி சேர்ந்து எடுத்த கூட்டுத் தயாரிப்பு அது, பணம் போட்ட நாடு எல்லாவற்றுக்கும் அதில் உரிமை உண்டு. அதனால்தான் பிரான்ஸ் தன் ஆஸ்கர் இறுதிப் பரிசீலனைப் பட்டியலில் அதைச் சேர்த்தது, கடைசியில் வேறு படத்தை அனுப்பியது. இந்தியா ஆஸ்கருக்கு 'லாபதா லேடீஸ்' படத்தை அனுப்பியதை வைத்து இது இந்தியப் படமே இல்லை என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

படத்தைப் பாருங்கள். இயக்கியவர் பாயல் கபாடியா, மும்பையில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸுகளின் கதை, பேசுவது மலையாளம், இந்தி, மராத்தி. ஜெர்மனியில் இருக்கும் கணவன் அனுப்பியதாக நினைத்து, அந்தச் சிவப்பு ரைஸ் குக்கரை, நர்ஸாக நடித்த கனி குஸ்ருதி ராத்திரி தரையில் உட்கார்ந்து கட்டிக்கொள்வாரே, அந்த ஏக்கம் எந்த ஊருடையது?

அப்புறம், 1994இல் இயக்குநர் ஷாஜி கருணின் மலையாளப் படம் 'ஸ்வம்' போனதற்குப் பிறகு 30 வருஷம் கழித்துத்தான் ஓர் இந்தியப் படம், இந்தப் படம்தான், கானின் பிரதான போட்டிக்குள் நுழைந்தது.