டூடன் சொன்னால் சட்டமா?

ஜெர்மன் கற்க ஆரம்பித்த புதிதில், பழைய சாமான் சந்தையில் 2 யூரோ கொடுத்து ஒரு டூடன் அகராதி வாங்கினேன். மஞ்சள் அட்டை, செங்கல் கனம், 1991ஆம் வருடப் பதிப்பு. அடுத்த தேர்விலேயே 'தஸ்' என்ற குட்டிச் சொல்லுக்குச் சிவப்பு வட்டம். ஆங்கில 'B' மாதிரி இருக்கும் எஸ்செட் (ß) எழுத்தைப் போட்டிருந்தேன். இரண்டு எஸ் போட வேண்டுமாம். அகராதியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். ஆசிரியை சிரித்துவிட்டார். "இது எழுத்துமுறைச் சீர்திருத்தத்துக்கு முந்தையது."

அப்புறம்தான் தெரிந்தது, டூடன் அரசாங்கப் புத்தகமே இல்லை, ஒரு தனியார் பதிப்பகத்தின் சரக்கு என்று. இங்கே ஜெர்மனியில் பலருக்கு இன்னமும் அதுதான் வேதவாக்கு. 'டூடனிலேயே போட்டிருக்கிறது' என்றால் எதிராளி வாயை மூடிக்கொள்வார்.

கொன்ராட் டூடன் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். 1880இல் சுமார் 27,000 சொற்களோடு அகராதி போட்டார். 1955இல் மேற்கு ஜெர்மனியின் மாநிலக் கல்வி அமைச்சர்கள், சந்தேகம் வந்தால் டூடன் சொல்வதே முடிவு என்றார்கள். விற்பனைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? 1996 சீர்திருத்தத்தோடு அந்த அதிகாரம் போயிற்று. இப்போது விதிகளைப் பார்த்துக்கொள்வது 2004இல் அமைந்த எழுத்துமுறை மன்றம். ஆஸ்திரிய, சுவிஸ் ஆட்களும் அதில் உண்டு.

அந்த விதிகளும் பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும்தான். மற்றவர்கள் இஷ்டப்படி எழுதலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றமே 1998இல் சொல்லிவிட்டது. பிராங்க்ஃபர்ட்டின் பெரிய நாளிதழ் ஒன்று 2000இல் பழைய முறைக்கே திரும்பி, 2007 வரை முறுக்கிக்கொண்டு நின்றது. சுவிட்சர்லாந்துக்காரர்களோ எஸ்செட்டையே கைகழுவி எத்தனையோ காலமாகிறது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

பள்ளிக்கு ஒரே முறை வேண்டும்தான், மறுக்கவில்லை. பிள்ளைக்கு மதிப்பெண் போட அளவுகோல் தேவை. ஆனால் ஊர் எப்படி எழுதுகிறதென்று பார்த்து அகராதி பின்னால் வர வேண்டும். முன்னால் லத்தியோடு போனால் 1996இல் வந்த மாதிரிச் சண்டைதான் வரும்.

எங்கள் தெருமுனை சலூன் பலகையில் கடைக்காரம்மா பெயருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே ஓர் அப்பாஸ்ட்ரஃபி இருக்கிறது. ஆங்கிலப் பாணி. அதற்கு ஜெர்மனில் 'முட்டாள் அப்பாஸ்ட்ரஃபி' என்றே பெயர்; எங்கள் ஆசிரியையும் அந்தப் பலகையைக் காட்டித்தான் கிண்டல் செய்வார். 2024இல் மன்றம் புது விதிகளை வெளியிட்டது. கடைப் பெயர்களில் அப்படிப் போடலாமாம்.

கடைக்காரம்மாவிடம் சொன்னேன். "அதில் தப்பு இருந்ததா?" என்று கேட்டுவிட்டு முடிவெட்டப் போய்விட்டார்.