கருத்தடை செய்த நாய் படுக்கையை நனைப்பது அடமா?

கருத்தடை செய்யப்பட்ட இளம் பெண் நாய் தூக்கத்தில் சிறுநீர் கசியவிட்டால் அது வெறும் அடம் என்றும், மாலைக்குப் பின் தண்ணீர் வைக்காமல் கண்டித்தால் சரியாகிவிடும் என்றும் வாட்ஸ்அப்பில் பரவும் குறிப்பு தவறானது.

கருத்தடை அறுவையில் சூற்பைகள் அகற்றப்பட்டபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், சிறுநீர் வழியை மூடிவைக்கும் தசைகளின் இறுக்கம் சில நாய்களில் தளர்ந்துவிடுகிறது. ஆகவேதான் விழித்திருக்கும்போது வழக்கம்போலச் சிறுநீர் கழிக்கும் நாய், படுத்து உறங்கும்போது தன்னையறியாமலே நனைக்கிறது. தான் அறியாமல் நடப்பதற்காக ஒரு நாயை அடிப்பதால் அச்சம்தான் மிஞ்சும். இந்தக் கசிவு அறுவைக்குப் பின் சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ தொடங்கலாம். 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களிலும், டாபர்மேன், பாக்ஸர், ராட்வைலர் போன்ற இனங்களிலும் கூடுதலாகக் காணப்படுகிறது.

தண்ணீரைக் குறைப்பதோ ஆபத்தானது. நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் அதன் பின்னே சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கக்கூடும். அந்நிலையில் தண்ணீரை மறுப்பது உயிருக்கே உலை வைக்கும். சிறுநீர்த் தொற்றும் இதே அறிகுறியைக் காட்டுமாதலால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. குட்டிப் பருவத்திலிருந்தே கசிவு இருந்திருந்தால், பழியை அறுவையின் மேல் போடாமல், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்ல வேண்டிய குழாய் பிறவியிலேயே இடம் மாறித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தசைத் தளர்ச்சிதான் காரணம் என்று உறுதியானால், பீனைல்புரோப்பனோலமைன் அல்லது எஸ்ட்ரியால் மருந்தால் பெரும்பாலான நாய்களில் கசிவு கட்டுப்படுகிறது. முன்னது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது என்பதால், கால்நடை மருத்துவர் தரும் அளவிலேயே கொடுக்க வேண்டும்.