மே தினத்தோடு முடிந்துவிடுகிறவரா சிங்காரவேலர்?

மே மாதம் பிறந்தால் போதும், தொழிற்சங்கத் தலைவர் ம. சிங்காரவேலர் எல்லோருடைய சமூக ஊடகப் பக்கத்திலும் வந்துவிடுவார். 1923, சென்னைக் கடற்கரை, அவர் நடத்திய நாட்டின் முதல் மே தினக் கூட்டம். அதைப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு.

முதலில், அவருடைய வயதை யாரும் பேசுவதில்லை. பிறந்தது 1860இல், சென்னை மீனவக் குடும்பத்தில். படித்து, உயர்நீதிமன்ற வக்கீலாகி வசதியாக இருந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921இல், வக்கீல் அங்கியைக் கொளுத்திவிட்டு அந்தத் தொழிலையே விட்டார். அப்போது வயது 61. நம் வீடுகளில் அந்த வயதுக்காரர்கள் மாத்திரை டப்பாவும் பேரப்பிள்ளைகளுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். (குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் உட்காருவேன்.) இவருடைய தொழிற்சங்க வாழ்க்கையோ அதற்கப்புறம்தான் சூடுபிடித்தது. அடுத்த ஆண்டே கயா காங்கிரஸ் மாநாட்டில், அத்தனை தலைவர்கள் முன்னாலும், தன்னை கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார்.

என்னைக் கேட்டால், அவரைப் புரிந்துகொள்ள மே தினத்தைவிட 1928 ரயில்வே வேலைநிறுத்தம்தான் முக்கியம். தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினம், போத்தனூர் பணிமனை வேலைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்ற முடிவெடுத்தது. கூடவே ஆட்குறைப்பு. இத்தனை வருடம் வேலை பார்த்தவர்களுக்குத் தகுதித் தேர்வு வேறு! ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. 68 வயதில் சிங்காரவேலர் அதன் முன்னணியில் நின்றார். கைது, சதி வழக்கு, பத்தாண்டு தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1930இல் வெளியே வந்தபோது வயது 70. வந்தவர் ஓய்ந்துவிடவில்லை. பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தாரோடு சேர்ந்து, அவருடைய ‘குடி அரசு’ இதழில் விஞ்ஞானத்தையும் பொதுவுடைமையையும் எளிய தமிழில் எழுதத் தொடங்கினார். 1946இல் இறந்தார்.

இன்று ஆளுக்கொரு துண்டாக அவரைப் பிரித்துக்கொண்டாயிற்று. கம்யூனிஸ்டுகளுக்கு 1925 கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுத் தலைவர், பெரியார் இயக்கத்தாருக்கு ‘குடி அரசு’ கட்டுரையாளர், மீனவர் சங்கங்களுக்குத் தங்கள் சமூகத்துப் பெரியவர். எதுவும் பொய்யில்லை. ஆனால் வேலை போன அந்த ரயில்வே தொழிலாளிக்காகச் சிறை போன கிழவர் மட்டும் யார் பங்கிலும் வரவில்லை.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ‘சிங்காரவேலர் மாளிகை’ என்று பெயர். பட்டா, சான்றிதழ் என்று வருகிறவர்களில் பலருக்கு அது வெறும் முகவரி. வேலைநிறுத்தத்தின் கதையை அங்கே பெரிய பலகையில் எழுதி வைக்கலாம். வரிசையில் நிற்பவர்களுக்குப் படிக்க நேரம் தாராளமாகவே கிடைக்கும்.